டீசல் என்ற மனிதர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பெரிய மனிதர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறாக இருந்தால் மாணவர்களுக்கும் பயன்படும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். தலைவர்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் எழுத நம்மிடையே தகுதியான நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மெஷின்களோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தவன். எனவே எனக்குப் பழக்கமான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் அவருடைய பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது சொல்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.

பெட்ரோல் என்பது ஒரு பொருளின் பெயர். டீசல் என்பது ஒரு ஆளின் பெயர். முழுப் பெயர் ருடால்ஃப் டீசல். முள்ளோடை, கன்னியக்கோயில் எல்லையில் வரிசையாக நிற்கும் பங்குகளில் எத்தனையோ போர்டுகளில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். வரி வித்தியாசத்தால் நம்ம பக்கம் விலை குறைவு என்று கடலூர் வண்டிகள் எல்லாம் இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போன கதை உங்களுக்கே தெரியும். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எப்படிப் போனார் என்பதைத் தெரிந்துகொண்டால், டீசல் கார் வாங்கலாமா பெட்ரோல் கார் வாங்கலாமா என்று நாம் போடுகிற சண்டைக்குக்கூட ஒரு அர்த்தம் கிடைக்கும்.

ஆயில் இன்ஜின்

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு கொஞ்சம் நிலம். ஏரித் தண்ணீர் எட்டாத மாதங்களில் கிணற்றுத் தண்ணீர்தான். கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் அப்பா வைத்திருந்தது ஒரு ஐந்து குதிரைச் சக்தி ஆயில் இன்ஜின். லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் ஒரு கருப்புப் புகை, அப்புறம் டக் டக் என்று ஊரையே எழுப்பும் சத்தம். பள்ளிக்கூடம் போகும் வயதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் பிளக் இருக்கிறது. நெருப்புப் பொறி வருகிறது, பெட்ரோல் எரிகிறது. நம்ம ஆயில் இன்ஜினில் பிளக்கே இல்லையே, இதை யார் பற்ற வைக்கிறார்கள்?

இதற்குப் பதில் எனக்கு நம் கல்லூரியில்தான் கிடைத்தது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் சூடு ஏறும். பெட்ரோல் இன்ஜின் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எட்டு, பத்து மடங்கு அழுத்தி, பிளக்கின் பொறியால் பற்ற வைக்கிறது. அதற்கு மேல் அழுத்தினால் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். டீசல் இன்ஜின் வெறும் காற்றை மட்டும் பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்கு வரை அழுத்துகிறது. ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அதிகம் அழுத்துவதால் எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கும். போதாக்குறைக்கு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம். டீசல் வண்டியின் மைலேஜ் ரகசியம் இந்த இரண்டும்தான். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் கனமாக இருக்க வேண்டும். விலை கூடும், சத்தமும் அதிர்வும் கூடும்.

பிறப்பும் அலைச்சலும்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தியோடர், புத்தக பைண்டிங்கும் தோல் சாமான் வேலையும் செய்தவர். செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. நேரம் கிடைத்தால் பாரிஸில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்கில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பிவிட்டார்கள். அந்த உறவினர் ஒரு தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். அங்கேதான் ருடால்ஃபுக்கு வாழ்க்கை திரும்பியது. தான் ஒரு இன்ஜினியர் ஆவதென்று அந்த வயதிலேயே முடிவு செய்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1873-இல் வகுப்பில் முதல் மாணவன். 1875-இல் உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். சீக்கிரம் சம்பாதிக்கச் சொன்ன பெற்றோருக்கு இதில் வருத்தம். நம்மில் எத்தனை வீடுகளில் நடந்த கதை இது!

மியூனிக்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களில் உலகப் புகழ் பெற்றவர். நீராவி இன்ஜின்கள் எரிக்கிற கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வீணாகப் போகிறது என்று லிண்டே வகுப்பில் விளக்கியது அந்த மாணவனின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. 1879-இல் டைபாய்டு காய்ச்சல் வந்து இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. அதே 1879-ஆம் ஆண்டுதான் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு நீராவி ரயில் வந்தது என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தேர்வு எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார் டீசல்.

பிறகு மறுபடியும் பாரிஸ். லிண்டேயின் ஐஸ் கம்பெனியில் வேலை. 1883-இல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள். நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம். பேசாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். பல வருடம் போனதுதான் மிச்சம். 1890-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் காற்றை அழுத்தியே எரிபொருளைப் பற்ற வைக்கும் எண்ணம் முழு வடிவம் பெற்றது. 1893 பிப்ரவரியில் 67207 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

தொப்பியைக் கழற்றிய மெக்கானிக்

காகிதத்தில் எழுதுவது வேறு, ஓட்டிக் காட்டுவது வேறு. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் (பின்னாளில் எம்.ஏ.என். என்று பெயர் பெற்றது) க்ரூப் கம்பெனியும் பணம் போட முன்வந்தன. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பயங்கர வெடிச் சத்தம்! அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி சிதறிப் பறந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மற்றவர்களுக்கு அது தோல்வி. டீசலுக்கோ அது வெற்றி. அழுத்திய காற்றில் எரிபொருள் தானாகப் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டதே!

1894 பிப்ரவரி 17 அன்று நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். அதுவரை தொழிற்சாலையின் பெல்ட்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று சோதனையின்போது லிண்டர் என்ற மெக்கானிக் பெல்ட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெல்ட்டின் இழுவை மாறியது. இன்ஜின் தன் சொந்த சக்தியில் ஓடி பெல்ட்டை இழுக்கிறது! லிண்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி டீசலை வணங்கினார். இன்ஜின் ஓடியது சுமார் ஒரு நிமிடம், அவ்வளவுதான். ஒரு கண்டுபிடிப்பை முதலில் அடையாளம் கண்டு வணங்கியது ஒரு தொழிலாளி என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு நிற்பவர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

மேலும் மூன்று வருடப் போராட்டம். 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைச் சக்தி, திறன் 26.2 சதவீதம். அன்றைய நீராவி இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இன்ஜின் இப்போதும் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏறியதும் இறங்கியதும்

உலகமே வாசலில் வந்து நின்றது. அமெரிக்க உரிமையை அடால்ஃபஸ் புஷ் என்ற பீர் ஆலை முதலாளி பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ரஷ்யாவில் நோபல் குடும்பத்தார் உரிமை பெற்றார்கள். நாற்பது வயதில் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் இன்ஜின் இன்னும் பக்குவப்படவில்லை. அவசர அவசரமாக விற்ற முதல் இன்ஜின்கள் வாங்கினவர்களிடம் மக்கர் செய்தன, திரும்பி வந்தன. போட்டியாளர்கள் காப்புரிமை வழக்குப் போட்டார்கள். ஓய்வில்லாத உழைப்பு, தீராத தலைவலி. 1898-இல் மருத்துவ ஓய்வு இல்லத்தில் சேர வேண்டியதாயிற்று. இதற்கிடையே நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பணத்தைப் போட்டார், பெரும்பகுதி திரும்பவில்லை. இன்ஜினில் ஒரு துளி எரிபொருள் வீணாவதைப் பொறுக்காதவர், சொந்தப் பணம் ஒழுகுவதைக் கவனிக்கவில்லை.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்கு மிக உயரிய பரிசு கிடைத்தது. அங்கே வைக்கப்பட்ட ஒரு சிறிய டீசல் இன்ஜின் மல்லாட்டை எண்ணெயில் ஓடியது! பிரெஞ்சு அரசின் விருப்பப்படி செய்த ஏற்பாடு அது. மல்லாட்டை விளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் உள்ளூர் எண்ணெயிலேயே இன்ஜின் ஓட்டலாமே என்பது அவர்கள் எண்ணம். அந்தக் காலத்தில் நம்ம சீமை மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மார்செய் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. நம் தாத்தாக்கள் செம்மண் நிலத்தில் விதைத்த பயிருக்கும் அவருடைய இன்ஜினுக்கும் இப்படி ஒரு உறவு. தாவர எண்ணெய்க்கு ஒரு நாள் பெரிய மதிப்பு வரும் என்று 1912-லேயே டீசல் பேசினார். இன்று பயோடீசல் என்று நாம் பேசுவது அதைத்தான்.

அவருடைய ஆசை என்ன தெரியுமா? நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். தன் இன்ஜின் சிறியதாக, மலிவாக, எந்த எண்ணெயிலும் ஓடக்கூடியதாக இருந்தால் தன் அப்பாவைப் போன்ற சிறு தொழிலாளி பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தார். தொழிலாளர் கூட்டுறவைப் பற்றி 1903-இல் ஒரு புத்தகமே எழுதினார். யாரும் வாங்கவில்லை. இன்ஜின் போய்ச் சேர்ந்த இடமோ கப்பல்கள், பெரிய ஆலைகள், நீர்மூழ்கிப் போர்க்கப்பல்கள். 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இன்ஜினோடு பாங்காக் வரை பயணம் போனபோது உலகமே வியந்தது. காருக்குள் வைக்கிற சின்ன இன்ஜினுக்கும் டீசல் முயன்றார், முடியவில்லை. எண்ணெயைப் பீய்ச்சுவதற்கு அன்று தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் வேண்டும். அதன் எடையைக் கார் தாங்காது.

கடைசிப் பயணம்

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். கூட இரண்டு நண்பர்கள். மூவரும் சாப்பிட்டார்கள், பேசினார்கள். இரவு பத்து மணி வாக்கில், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையாமல் இருந்தது. மேல்தளத்தில் தொப்பியும் கோட்டும் மடித்து வைத்தபடி கிடந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். சட்டைப்பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை அப்பாவுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார்.

கொலை என்றும் அரசாங்கச் சதி என்றும் அன்றிலிருந்து எத்தனையோ கதைகள். எதற்கும் ஆதாரம் இல்லை. கிளம்பும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் வரை திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் காலி என்பதைக் காட்டும் காகிதங்களும் இருந்தன. உலகமே போற்றிய மனிதர் கடனில் மூழ்கியிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் என் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் எங்க மாமா ஒருத்தர் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். பெட்ரோல் வண்டி கட்டுப்படியாகவில்லை என்று அதில் மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றினார். அந்தக் காலத்தில் ஊர் ஊருக்கு நடந்த வேலைதான் அது. செலவுக்கு வட்டிக்கு வாங்கினார். பங்கில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வட்டி சாப்பிட்டுவிட்டது. அதை அடைக்க இன்னொரு கடன். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆளே பாதியாகப் போனார். ஒரு நாள் ராத்திரி அத்தை விடாமல் கேட்டதில் வாய்விட்டு அழுதுவிட்டார். மறுநாள் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், இரண்டு மா நிலத்தை விற்றார்கள், கடன் தீர்ந்தது. மானம் போயிடும்னு பயந்தாரே, அப்படி ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு பேரப் பிள்ளைகளைப் பார்க்கும்வரை நன்றாக இருந்தார். டீசலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான் வரும். மார்த்தா அம்மையாருக்குக் கேட்கிற வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

காருக்குள் வந்த கதை

அவர் போன பிறகுதான் அவருடைய இன்ஜின் காருக்குள் வந்தது. ராபர்ட் பாஷின் கம்பெனி 1927-இல் சிறிய இன்ஜெக்ஷன் பம்பைத் தயாரித்து விற்கத் தொடங்கியதும் கனமான கம்ப்ரஸர் தேவையில்லாமல் போனது. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. வாங்கினவர்களில் டாக்ஸிக்காரர்கள் அதிகம். தினம் நிறைய ஓடுகிறவனுக்குத்தான் டீசல் லாபம் என்ற கணக்கு அன்றே ஆரம்பம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரே இன்ஜின், ஒரே விஞ்ஞானம். ஆனால் நாட்டுக்கு நாடு வேறு வேறு தலையெழுத்து! பிரான்ஸ் டீசலுக்கு வரியைக் குறைவாக வைத்தது. பெஜோ கம்பெனி டீசல் காரில் பேர் வாங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஜெர்மனியில் 1976-இல் டீசல் கோல்ஃப் வந்தது. 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபில் டீசல், பெட்ரோல் இன்ஜினை அடிப்படையாக வைத்துச் செய்தது; அழுத்தம் தாங்காமல் ஹெட் போல்ட்டுகள் விட்டுக்கொடுத்தன. டீசல் காரென்றாலே அங்கே முகம் சுளித்தார்கள். பிரேசில் 1976-லேயே சாதாரணக் கார்களில் டீசல் கூடாதென்று தடுத்துவிட்டது. டீசல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும். ஜப்பானில் 1999-இல் டோக்கியோ ஆளுநர் புகைக்கு எதிராக இயக்கமே நடத்தினார்.

நம் நாட்டில்? விவசாயிக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று அரசு டீசல் விலையைத் தாழ்த்தி வைத்தது. 1980-ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் வந்தது. 1998-இல் டாடா இண்டிகா, 2007-இல் டீசல் ஸ்விஃப்ட். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எங்க அப்பாவின் ஆயில் இன்ஜினுக்காகக் கொடுத்த சலுகையில் பெரிய பெரிய கார்கள் ஓடின. விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும் 2014-இல் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கின. வித்தியாசம் சுருங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது! அதே 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தன. டீசல் புகையில் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம். அவற்றை வடிகட்டும் கருவிகளால் சிறிய டீசல் கார் விலை கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசலையே கைவிட்டது. இப்போது புதுக் கார்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் டீசல். பெரும்பாலும் பெரிய வண்டிகள்.

நண்பர்கள் என்னிடம் கேட்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு, டீசல் கார் ஒரு லட்சத்து இருபதாயிரம் அதிகம், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் திரும்ப 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு 600 நாள். பாகூரிலிருந்து புதுச்சேரி ஆபீசுக்குப் போய் வருகிறவர் தினம் சுமார் நாற்பது என்றால் 1,500 நாள். நாலு வருஷத்துக்கு மேல். வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாக இருபது ஓட்டுகிறவருக்கு எட்டு வருஷம்! பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று வாங்காதீர்கள். காகிதத்தில் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

மாணவர்களுக்கு

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார் மோசடி அமெரிக்காவில் அம்பலமானது. சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாகப் புகைவிட்டு, ரோட்டில் பல மடங்கு நஞ்சைக் கக்கும்படி கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தார்கள். உலகமெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அந்த அடியில் ஐரோப்பாவில் டீசல் சரிந்தது; இன்னும் எழவில்லை. செய்தவர்கள் படிக்காதவர்கள் அல்ல. நம்மைப் போல் பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள். தன் முதல் இன்ஜினைப் பேராசிரியரைக் கூப்பிட்டு ஊரறியச் சோதிக்கச் சொன்ன மனிதரின் பெயரைத் தாங்கிய இன்ஜினில் இந்தக் காரியம் நடந்தது. மேலதிகாரி நெருக்கினாலும் மீட்டரைத் திருத்தாதீர்கள். உங்கள் கையெழுத்து உங்கள் பெயர்.

இன்னொன்று. எந்தக் கஷ்டத்தையும் தனியே சுமக்காதீர்கள். பரீட்சையில் அரியர் விழுந்தாலும், கடன் ஏறினாலும், வேலை போனாலும், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்லத் தயக்கமா? வாத்தியாரிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். முன்னாள் மாணவர் சங்கம் என்பது வருஷத்துக்கு ஒரு முறை கூடிச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டும் அல்ல. வந்து கேட்கிறவனுக்குக் காது கொடுக்க நம்மில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் பங்க் போர்டுகளிலிருந்து டீசல் என்ற பெயர் மறைந்தும் போகலாம். அதற்குள் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.